கீழே வைத்த கத்தி

முட்டி வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இதைப் படிக்கிற என் வயசுக்காரர்களே, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது மூன்றாங்கிளாஸ். அதுவும் முழுசாக இல்லை. ஆனால் இன்றைக்கு என் பேரில் மூன்று ஐஸ் வண்டி ஓடுகிறது. கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரைக்கும் எந்த மீன் ஏலத்திலும் நான் போய் நின்றால் விலை கேட்கிறவன் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கேட்பான். போன மாதம் பிளேன் ஏறி சிங்கப்பூர் போய் மகள் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வந்தேன். பாஸ்போர்ட்டில் கைநாட்டு கிடையாது, கையெழுத்து.

அந்த ஏர்போர்ட்டில்தான் என் கத்தி போனது.

சின்ன மடக்குக் கத்தி. கைப்பையின் அடியில் ரப்பர் பேண்டு போட்டுக் கிடந்தது. அது அங்கே இருப்பதையே மறந்துவிட்டேன். மெஷின் காட்டிக்கொடுத்துவிட்டது. யூனிபாரம் போட்ட சின்னப் பெண், "இது கொண்டு போகக் கூடாதும்மா" என்று கையை நீட்டினாள். நான் கையில் கொடுக்கவில்லை. பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் தட்டில் வைத்தேன். அவள் எடுத்து ஒரு டப்பாவில் போட்டாள். ரப்பர் பேண்டு அறுந்ததோ என்னவோ, உள்ளே டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"துருப்புடிச்ச கத்திக்கு இன்னாத்துக்கும்மா அழுவுற? நூறு கத்தி வாங்கித் தரேன்" என்றான் என் மகன். அவனுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். உங்களில் பாதிப்பேருடைய அப்பன்மார் இடுப்பிலும் அப்படி ஒன்று இருந்திருக்கும்.

அது எங்கள் நைனாவின் கத்தி. எழுபதுகளின் நடுவில், எனக்கு ஒன்பதோ பத்தோ வயசு. மகாபலிபுரத்துக்கு வடக்கே எங்கள் குப்பம். எருமைக்கொம்பில் செய்த பிடி. அதில் நைனாவின் பல்தடம் இருக்கும். ஒரு கையில் வலை, ஒரு கையில் துடுப்பு என்றால் பல்லால்தானே கடித்து இழுக்க வேண்டும்? உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு உள்ளே இருந்த வில் தளர்ந்துபோய், கடைசியில் உறையிலிருந்து எடுத்தாலே தானாக டக்கென்று திறந்துகொள்ளும். தேங்காயெண்ணெயும் மீன் செதிலும் கலந்த ஒரு வாடை அதற்கு. கண்ணைக் கட்டிவிட்டு ஆயிரம் கத்தியை மூக்கில் காட்டினாலும் நைனாவுடையதைச் சொல்லிவிடுவேன்.

கத்தியைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு இது புரியாது. வலையைக் கடலில் விடும்போது கயிறு ஓடும். ஓடுகிற கயிறு கணுக்காலில் ஒரு சுற்றுச் சுற்றினால் ஆளையும் கூடவே இழுத்துக்கொண்டு போய்விடும். எங்கள் பெரியப்பா அப்படித்தான் போனார். அன்றைக்கு அவர் கத்தி வீட்டில் இருந்தது. அதற்குப் பிறகு நைனா அரைஞாண் கயிற்றிலிருந்து கத்தியை அவிழ்த்ததே இல்லை. குளிக்கும்போதும் இருக்கும், தூங்கும்போதும் இருக்கும்.

இன்னொரு பழக்கமும் சொல்ல வேண்டும். எங்கள் குப்பத்தில் கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டை வரும். கீழே வைக்க வேண்டும். கேட்டவர் குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அம்மா பக்கத்து வீட்டு அத்தைக்கு அரிவாள்மனை கொடுப்பதும் அப்படித்தான். புருஷன் பெண்டாட்டிக்குள்ளும் அப்படித்தான்.

அந்த மாசியில் எனக்கு அம்மை போட்டுத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். இளைத்து ஓணான் மாதிரி இருந்தேன். திருக்கழுக்குன்றத்தில் மத்தியானம் கழுகு வந்து சாதம் தின்பதைக் காட்டுகிறேன் என்று நைனா என்னை பஸ்ஸில் கூட்டிப்போனார். மூன்று பேர் உட்காரும் சீட்டில் ஜன்னல் ஓரம் நான். எதிர் சீட்டில் ரிப்பன் வைத்துப் பின்னிய ஒரு டவுன் பெண். அவள் அப்பா சட்டைப்பையில் பேனா, கையில் வாட்ச்.

"எங்க அப்பா வாட்ச் ராத்திரியில மின்னும்" என்றாள் அவள்.

எனக்குப் பொறுக்கவில்லை. வாய் அப்போதே இந்த வாய்தான். "எங்க நைனா சொறாவ ஒரே குத்துல சாய்க்கும்" என்றேன். நைனா சுறாவைக் குத்தியதே இல்லை. நைனா என் தொடையில் மெதுவாகத் தட்டி, "கம்முனு வா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

வழியில் ஒரு புளியமரத்தடியில் போலீஸ்காரர்கள் பஸ்ஸை நிறுத்தினார்கள். எந்த ஊர் ஸ்டேஷன் என்று சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். பக்கத்துச் சந்தையில் அந்த வாரம் இரண்டு கோஷ்டி மோதிக்கொண்டு ஒருவனைக் குத்திவிட்டார்களாம். கத்தி, கம்பு எதையும் எடுத்துக்கொண்டு யாரும் நடமாடக் கூடாது என்று உத்தரவாம். டவுனில் தண்டோரா போட்டிருக்கிறார்கள். எங்கள் குப்பத்துக்கு யார் வந்து போட்டார்கள்?

"எல்லாம் எறங்கு. பையத் தொறந்து காட்டு" என்றார் ஏட்டு. தொந்தியும் பெரிய மீசையுமாக இருந்தார். நைனாவிடம் பை இல்லை.

"நீ இன்னா வெச்சிகினுகீற?"

"ஒண்ணும் இல்லீங்க ஐயா. கொயந்ததான்."

நைனா பொய் சொல்லவில்லை. இதை இத்தனை வருஷம் யோசித்துவிட்டுத்தான் சொல்கிறேன். உங்களை ஒருத்தன் 'என்ன வைத்திருக்கிறாய்' என்று கேட்டால் அரைஞாண் கயிற்றைச் சொல்வீர்களா? நைனாவுக்குக் கத்தியும் அப்படித்தான். ஏட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் அந்த ரிப்பன்காரி என்னைப் பார்த்து, "உங்க அப்பாகிட்ட ஒண்ணுமே இல்லியாம்" என்று உதட்டைப் பிதுக்கினாள்.

"யாரு சொன்னது? எங்க நைனா இடுப்புல கத்தி கீது! தோ, இவ்ளோ பெருசு!" என்று கையை அகல விரித்துக் காட்டினேன். பஸ்ஸே கேட்டது.

ஏட்டு திரும்பி வந்தார். "எட்றா கத்திய. குடு இங்க."

கையை நீட்டினார். நைனா வேட்டியை விலக்கி உறையிலிருந்து கத்தியை எடுத்தார். அது பாழாய்ப்போன வில் ஆயிற்றே, டக்கென்று திறந்துகொண்டது. ஏட்டு கையை நீட்டியபடி நிற்கிறார். நைனா கையில் கொடுக்கவில்லை. பழக்கப்படி, ஏட்டின் காலடியில் வைப்பதற்காகச் சட்டென்று குனிந்தார்.

திறந்த கத்தியோடு ஒருவன் உங்கள் வயிற்றுக்கு நேராகக் குனிந்து வந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? ஏட்டு, "ஐயையோ" என்று பின்னால் எகிறினார். பின்னால் ஒரு கிழவர் பஸ்ஸிலிருந்து இறக்கி வைத்த தக்காளிக் கூடை. அதில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான், எழுந்திருக்க முடியவில்லை. பஸ் ஜனமெல்லாம் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் எங்களைக் கெடுத்தது என்று இப்போது தோன்றுகிறது. சிரிக்காமல் கை கொடுத்துத் தூக்கியிருந்தால் அவர் விட்டிருப்பார்.

ஜீப்பில் இருந்த இன்ஸ்பெக்டர் தூரத்திலிருந்து பார்த்தவர், காக்கிச் சட்டையெல்லாம் சிவப்பு என்றதும் குத்திவிட்டான் என்றே ஓடிவந்தார். கிட்டே வந்து தக்காளி என்று தெரிந்த பிறகும், வந்த வேகத்தில் நைனா கன்னத்தில் ஒன்று விழுந்துவிட்டது. ஏட்டுக்கு வெட்கம். அத்தனை பேர் எதிரில், நான் பயந்து விழுந்தேன் என்று எந்த ஏட்டு சொல்வார்? "கத்தியக் காட்டி மெரட்டுனான்யா" என்றார். நைனாவை ஜீப்பில் ஏற்றினார்கள். என்னை அந்தத் தக்காளிக் கிழவர் குப்பத்தில் கொண்டுவந்து விட்டார். கழுகைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு மூடிய வாயை நான் திறக்கவில்லை. யார் கேட்டாலும் பேசவில்லை. சோறு வேண்டுமா என்றால் தலையை ஆட்டுவேன், அவ்வளவுதான். போலீஸைப் பார்த்துப் பயந்துவிட்டது என்று அம்மா பூசாரியிடம் கூட்டிப்போய் வேப்பிலை அடித்தாள். தாயத்துக் கட்டினாள். எச்சில் துப்பி மண் சுற்றிப் போட்டாள். பயம் இல்லை. இந்த வாய்தானே நைனாவைக் காட்டிக்கொடுத்தது, இது இனிமேல் திறக்கக் கூடாது என்று எனக்கு நானே போட்ட சட்டம். அம்மாவிடம் அதைச் சொல்லலாம் என்றால், சொல்வதற்கும் வாயைத் திறக்க வேண்டுமே.

செங்கல்பட்டில் ஒரு வக்கீல் பிடித்தார்கள். நல்ல மனுஷன், வெற்றிலை போட்ட வாய். அவர் சட்டத்தைச் சொன்னபோது சித்தப்பாவோடு நானும் நின்றேன்.

"ஒம்பது அங்குலத்துக்கு மேல நீளம், இல்ல ரெண்டு அங்குலத்துக்கு மேல அகலம் இருந்தாத்தான் கத்திக்கு லைசென்ஸ். அதுவும் வீட்டு வேலை, விவசாய வேலைக்குன்னு செஞ்ச கத்தின்னா வேணாம். இது விரலளவு. ஊர்ல உத்தரவு இருந்ததால வெச்சிருந்தது ஒரு சின்னத் தப்பு, அத நான் பாத்துக்கறேன். ஆனா போலீஸ்காரனுக்கு எதிரா ஓங்கினான்னு எழுதியிருக்கானே, அதுக்கு ஜெயில்தான். ஓங்கலன்னு யாரு சொல்றது?"

"பஸ்ஸுல அத்தினி பேரு பாத்தாங்களே சார்" என்றார் சித்தப்பா.

"பாத்தவன் எவன்யா கோர்ட்டுக்கு வருவான்?"

தக்காளிக் கிழவர் எந்த ஊர் என்றே யாரும் கேட்டு வைக்கவில்லை. நைனாவுக்கு ஜெயில் என்று ஆனால் பிறகு எந்தத் திருட்டு, எந்த அடிதடி என்றாலும் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் ஜீப் வரும். அம்மா கையில் ஆறு மாசத் தம்பி. எனக்குப் பேச வராது என்று ஊரே முடிவு கட்டிவிட்டது.

குப்பத்துத் தலைவருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. "கேஸு முடியற வரிக்கும் எவன் இடுப்புலயும் கத்தி இருக்கக் கூடாது. ஊரு பேரு நாஸ்தியாயிடும்" என்று எல்லாருடைய கத்தியையும் வாங்கிக் கோயில் பெட்டியில் போட்டுப் பூட்டினார். நல்ல எண்ணம்தான். ஐந்தாம் நாளே சித்தப்பாவின் காலில் கயிறு சுற்றிவிட்டது. கட்டுமரத்தில் கூட இருந்தவர்கள் கயிற்றைப் பல்லால் கடித்தே அறுத்திருக்கிறார்கள். சித்தப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து மணலில் போட்டபோது கணுக்காலில் தோலே இல்லை, வாழைத்தண்டு மாதிரி வெள்ளையாக இருந்தது. கூடப்போன ஒருவருக்கு முன்பல் இரண்டு போயிருந்தது.

தலைவர் நேராகப் போய்ப் பெட்டியைத் திறந்தார். கத்திகளை மடியில் அள்ளிக்கொண்டு வந்து மணலில் வரிசையாக வைத்தார். ஒவ்வொருவராக வந்து குனிந்து அவரவருடையதை எடுத்துக்கொண்டார்கள்.

"எனக்கு புத்தி இல்லடா" என்றார் தலைவர், சித்தப்பா காலைப் பிடித்துக்கொண்டு.

"இப்பவாச்சும் தெரிஞ்சிகினியே அண்ணாத்த" என்றார் முன்பல் போனவர், காற்று போகப் போக. வலியிலும் சித்தப்பா சிரித்துவிட்டார்.

கேஸ் விசாரணைக்கு வந்தது. கோர்ட்டு எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்கு நினைவிருப்பது கோந்து வாசனை, கிறீச் கிறீச்சென்று சுற்றிய காற்றாடி, ஜலதோஷம் பிடித்த ஜட்ஜு ஐயா. நிமிஷத்துக்கு ஒரு தடவை மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். நைனா கூண்டில் நின்றார். தாடி வளர்ந்திருந்தது. கண்ணால் என்னைத் தேடினார். நான் அம்மா புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

ஏட்டு சாட்சி சொன்னார். "கத்தியத் தொறந்து எம்மேல பாஞ்சான் ஐயா. நான் ஒதுங்கிட்டேன்."

"தக்காளிக் கூடைக்கா?" என்றார் எங்கள் வக்கீல். ஜட்ஜு ஐயா அவரை முறைத்தார்.

ஜட்ஜு ஐயா கத்தியை வாங்கி ஸ்கேல் வைத்து அளந்தார். "நாலு அங்குலம்கூட இல்லையே" என்று முணுமுணுத்தார். பிறகு, "இது உன்னுதுதானா, பாத்து சொல்லு" என்று டவாலியிடம் கொடுத்தனுப்பினார். வெள்ளை உடுப்பும் குறுக்குப் பட்டையும் போட்ட அந்த டவாலி, கத்தியை நைனாவிடம் நீட்டினார்.

நைனா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வாங்கிப் பாருய்யா."

நைனா வாங்கவில்லை.

"உன்னுது இல்லையா?" என்றார் ஜட்ஜு ஐயா.

"என்னுதுதான் சாமி."

"அப்ப வாங்கு."

நைனா தலையைக் குனிந்துகொண்டார். கை பின்னாலேயே இருந்தது. கோர்ட்டில் போய் யாரோடும் பகை வேண்டாம் என்று நினைத்திருக்கிறார், பாவம். அதை வாயால் சொல்லத் தெரியவில்லை. நைனாவுக்குக் கடலில்தான் வாய். கரையில் நாலு வார்த்தை கோர்வையாக வராது.

ஜட்ஜு ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன வக்கீல் சார்? உங்க ஆளு கோர்ட்டு சொன்னாலும் கேக்க மாட்டானா? அன்னைக்கி போலீஸ் சொன்னப்பவும் இப்படித்தான் முறைச்சானா?"

வக்கீல் நைனாவைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். "வாங்கித் தொலையேன்யா!" அவருக்கும் தெரியவில்லை. செங்கல்பட்டுக்காரர்தானே, எங்கள் கடற்கரைப் பழக்கம் அவருக்கு எப்படித் தெரியும்? அம்மாவுக்குத் தெரியும். அம்மா தம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜட்ஜு ஐயா பேனாவை எடுத்தார்.

இருபது நாளைக்கு மேலாகத் திறக்காத வாய். திறந்தால் மறுபடி என்ன ஆகுமோ. அந்தப் பேனா காகிதத்தில் படுவதற்குள் கத்திவிட்டேன்.

"கீய வெக்கச் சொல்லு! கையில குட்த்தா வாங்க மாட்டாரு!"

கோர்ட்டு முழுக்கத் திரும்பியது. அம்மா என் வாயைப் பொத்த வந்தவள், என் குரலைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"யாரது? இங்க வா" என்றார் ஜட்ஜு ஐயா. போனேன். மேஜை என் மூக்கு உயரம்.

"என்ன சொன்னே?"

"கத்திய கையில குட்த்தா சண்ட வரும். கீய வெச்சாத்தான் எடுக்கணும். எங்க ஊருல எல்லாரும் அப்டித்தான். அன்னிக்கும் அவுரு கைய நீட்டுனாரு. நைனா கீய வெக்கக் குனிஞ்சுது. அவுரு வுழுந்துட்டாரு." மூச்சு வாங்கிக்கொண்டு, விட்டதையும் சொல்லிவிட்டேன். "கத்தி கீதுன்னு நாந்தான் சொன்னேன். நைனா சொல்லல. நாந்தான்."

ஜட்ஜு ஐயா மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு டவாலியிடம், "கீழ வை" என்றார்.

டவாலி கூண்டுக்குள் நைனா காலடியில் கத்தியை வைத்தார். நைனா உடனே குனிந்து எடுத்தார். ஒரு தடவை பார்த்தார். துருவைக் கட்டைவிரலால் துடைத்தார். உள்ளங்கையால் அழுத்தி மடக்கி, மறுபடி குனிந்து கீழே வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஜட்ஜு ஐயா ஏட்டைப் பார்த்தார். "அன்னைக்கும் இப்படித்தான் குனிஞ்சானா? யோசிச்சு சொல்லு."

ஏட்டு நைனாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு பொய்யில் எல்லாம் முடிந்திருக்கும். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை என்றால் அதற்குக் காரணம் அடுத்து அவர் சொன்னதுதான்.

"இப்படித்தான் ஐயா" என்றார். "மேல வரான்னு நெனச்சிட்டேன்."

நைனாவை விட்டுவிட்டார்கள். கத்தியையும் கொடுத்தார்கள், மேஜையில் வைத்துத்தான்.

வெளியே டீக்கடையில் ஏட்டு எங்களிடம் வந்தார். தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "கீழ வெக்கிறேன்னு அன்னிக்கே சொல்லித் தொலைக்கக் கூடாதாய்யா?" என்றார்.

"சொல்றதுக்குள்ள வுழுந்துட்டீங்களே ஐயா" என்றார் நைனா.

ஏட்டின் மீசை ஆடியது. எனக்கு ஒரு பொறை பிஸ்கட் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பஸ்ஸில் திரும்பி வந்தோம். அம்மாவும் தம்பியும் முன் சீட்டில் தூங்கிவிட்டார்கள். நானும் நைனாவும் பின்னால். பஸ் கொளவாய் ஏரியைத் தாண்டியது. பொறை கடிக்காமல் என் கையிலேயே இருந்தது.

"நைனா."

"ம்."

"ஏட்டுகிட்ட நாந்தான சொன்னேன்."

நைனா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜட்ஜுகிட்டயும் நீதான சொன்ன" என்றார்.

அப்புறம் இடுப்பிலிருந்து கத்தியை அவிழ்த்தார். பெரியப்பா போனதிலிருந்து, யாரும் கேட்காமல் அவராகவே அதை அவிழ்த்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. திறந்துகொள்ளாமல் இருக்க நூலை இரண்டு சுற்றுச் சுற்றினார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சீட்டின் மேல் வைத்தார்.

"எனக்கு வேற வாங்கிக்கிறேன்" என்றார்.

பஸ் குலுங்கும்போதெல்லாம் கத்தி சீட்டில் இங்கும் அங்கும் நகர்ந்தது. திருக்கழுக்குன்றம் மலை கண்ணில் படுகிற வரைக்கும் எனக்குத் தைரியம் வரவில்லை. அப்புறம் எடுத்துக்கொண்டேன்.